ஐம்பது பல் சக்கரமும் பேத்தியின் பெயரும்

மேட்டின் உச்சியில் வாழும் பெருமதிப்பிற்குரிய சம்பந்தியார் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு முழங்காலைத் தவிர அனைத்தும் நலம். தங்கள் நலமும், தங்கள் துணைவியார் நலமும், இன்னும் பெயரின்றித் தொட்டிலில் கிடக்கும் நம் பேத்தியின் நலமும் அறிய ஆவல்.

எங்கள் வீட்டு மிதிவண்டி, ஓட்டுபவர் கால் தரையில் படாமல், இம்மாத இறுதிக்குள் உங்கள் வாசலைச் சேர்ந்தால் குழந்தைக்குப் பெயர் எங்கள் தேர்வு, தவறினால் உங்கள் தேர்வு என்று பந்தயம் வைத்தோம். நான் செதுக்கி வைத்திருந்த பதினோரெழுத்துத் தனித்தமிழ்ப் பெயரைக் கேட்டு, "அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள குழந்தை எழுந்து நடந்திடும் சம்பந்தி. முதல்ல மேடேறி வாங்க" என்று தாங்கள் நகைத்ததையும் மறக்கவில்லை. சென்ற ஞாயிறு காலை வருவேன் என்று சூளுரைத்தேன், வரவில்லை. அதன் காரணத்தை விளக்கவே இம்மடல்.

முதற்பிழை மிதிவண்டிக் கடையில் நேர்ந்தது. "சார், ஏத்தத்துக்கு முன்னாடி சின்னப் பல்சக்கரம், பின்னாடி பெருசு. கால் லேசா சுத்தும், வண்டி மெதுவா ஏறும்" என்றார் கடைக்காரர். மெதுவாக என்ற சொல் என்னைச் சுட்டது. பெரிய மேட்டுக்குச் சிறிய சக்கரமா என்று தொடங்கி, அஞ்சியவன் கருவி எந்த உச்சியையும் தொட்டதில்லை என்பது வரை முக்கால் மணி நேரம் முழங்கினேன். காற்றடிக்க வந்த நால்வர் கைதட்டினர். கடைக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "பேச்சுல நீங்க ஜெயிச்சிட்டீங்க. மேடு கைதட்டாது சார், பார்த்துக்கோங்க" என்று சொல்லி, நான் கேட்டபடியே முன்னால் ஐம்பது பல், பின்னால் இருபத்தொரு பல் பூட்டிக் கொடுத்தார்.

சமதரையில் பறந்தேன். மருந்துக்கடை வளைவில் மேடு தொடங்கியது. என் கால் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றியாக வேண்டும், அது மறுத்தது, எழுந்து நின்று மிதித்தேன், வண்டி நின்றது, நான் சாய்ந்தேன், சலவைக்கடைக்காரர் காயப்போட்டிருந்த விரிப்புகள் என்னைப் பொதிந்துகொண்டன, அவர் வந்து எதற்கு என் துணிக்குள் படுத்திருக்கிறீர்கள் என்று வினவ, பேத்திக்குத் தைத்த துணிகள் அடங்கிய பையுடன் பின்னால் நடந்து வந்த என் துணைவி என்னை உருவி எடுத்து, "ஏங்க, அந்தப் பேரை இப்ப ஒரு தடவை சொல்லுங்க, கேட்போம்" என்றாள். நான்காம் எழுத்தில் எனக்கு மூச்சு முட்டியது. "வாங்க, இறங்கிப் போய் அவர் சொன்னதையே மாட்டுவோம்" என்றாள்.

மாட்டினோம். முன்னால் இருபத்தெட்டு, பின்னால் முப்பத்துநான்கு. இப்போது நான் முழுச் சுற்று மிதித்தாலும் சக்கரம் ஒரு சுற்றுக்குக் குறைவாகவே உருள்கிறது. நேற்று கைத்தடி ஊன்றிய முதியவர் ஒருவர் என்னைக் கடந்து, "நான் முன்னாடி போறேன், நீங்க பொறுமையா வாங்க" என்றார். ஆயினும் கால் ஊன்றாமல் பாதி மேடு ஏறிவிட்டேன். மேலும், முப்பதாண்டுகளாக விரைந்து கடந்த தெருவில் தையற்காரரின் சன்னலோரம் இரண்டு புறாக்கள் குடியிருப்பதை இந்த மெதுவான ஏற்றத்தில்தான் கண்டேன். எனவே வரும் ஞாயிறு ஒன்பது மணிக்கு வாசற்கதவைத் திறந்து வையுங்கள். பதினோரெழுத்தையும் மனப்பாடம் செய்யத் தொடங்குங்கள்.

தொட்டிலுக்கு என் வாழ்த்து. தொட்டிலை ஆட்டும் கைகளுக்கு என் வணக்கம்.

உச்சியை நோக்கி உருண்டுகொண்டிருக்கும்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: இதை உறையிலிடும்போது என் துணைவி எட்டிப் படித்தாள். "ஞாயிறு வரைக்கும் எதுக்குங்க? புதன்கிழமை நீங்க நூலகத்துக்குப் போனப்ப நானே ஏறிட்டேன். காலே ஊனல. சம்பந்தி வாசல்ல நின்னு பார்த்து, தேநீர் கூடக் கொடுத்தார்" என்றாள். மிதிவண்டி எங்கள் வீட்டுடையதே. ஓட்டுபவர் இன்னார் என்று நாம் பேசவில்லை. ஆகவே பெயர் அவள் தேர்வு. இரண்டே எழுத்து. வழக்காட எழுந்தேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி, பாதி வழியில் அப்பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். மூச்சிரைக்கும்போதும் முழுதாக வருகிறது.