நாகேஸ்வர மகாராஜாவின் மகிழ்ச்சி நிர்வாகம்

"தம்பி வந்து கூடத்துல நிக்கிறாரு, நீங்க இங்க—"

"நிக்கட்டும். என் ஜனங்க கலகம் பண்ணிக்கிட்டு இருக்காங்க, இப்ப போய்—"

"கையில தட்டோட நிக்கிறாருங்க! பழம், பாக்கு, பத்திரிகை—"

"மூணு ஊர்ல உற்பத்தி நின்னுபோச்சு பிரகதா! நெல்லு வரல, இரும்பு வரல—"

"பொண்ணு கல்யாணத்துக்கு அழைக்க வந்த மனுஷன்ங்க—"

"நான் எந்திரிச்ச நேரம் பார்த்து எதிரி உள்ள வந்துட்டான்னா யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

குடிமக்களின் மகிழ்ச்சியை நாள்தோறும் சதவீதத்தில் அளந்து ஆட்சி நடத்திய மன்னர் சோழ மண்டலத்திலேயே ஒருவர்தான். அவர் திருவிடைமருதூர் நாகேஸ்வரன், ஓய்வுபெற்ற தாசில்தார். அவருடைய தலைநகரம், சாமான் அறையை ஒழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டர் மேசை. அமெரிக்காவிலிருக்கும் மகன் ஹரி, போன லீவுக்கு வந்தபோது வாங்கி வைத்தது. "மெயில் பாருங்கப்பா, பேத்தி போட்டோ பாருங்க" என்றுதான் வைத்தான். கூடவே, பொழுது போகட்டும் என்று ஒரு விளையாட்டு சி.டி.யையும் போட்டுவிட்டுப் போனான். ஒரு தேசம் உருவான கதை இவ்வளவுதான்.

விளையாட்டு என்று யாராவது சொன்னால் நாகேஸ்வரனுக்குக் கோபம் வரும். "நிர்வாகம்" என்பார். அதில் அவருக்கு ஒரு நாடு இருந்தது. நாட்டில் ஊர்கள். ஒவ்வோர் ஊருக்கும் அடியில் குடிமக்களின் முகங்கள் வரிசையாக இருக்கும். திருப்தியென்றால் முகம் மஞ்சளாகிச் சிரிக்கும். குறையிருந்தால் சிவந்து உறுமும். சிவப்பு மிஞ்சினால் ஊரே வேலையை நிறுத்திவிடும். பக்கத்து நாட்டுத் தாடிக்கார ராஜாவோடு ஓர் ஆற்றங்கரைக்காக நாகேஸ்வரன் தொடங்கிய போர் முடிகிற வழியைக் காணோம். போர் நீள நீள, முகங்கள் மிளகாய்ப் பழமாகிக்கொண்டு வந்தன.

அறைக்கு வெளியே தம்பி பஞ்சநதத்தின் குரல் கேட்டது.

"அண்ணன் வேலையா இருந்தா அப்புறம் வர்றேன் அண்ணி."

"ஒரு வேலையும் இல்ல தம்பி. ராஜாவா இருக்காரு. நீங்க உக்காருங்க."

"உக்கார நேரமில்ல அண்ணி. உங்களுக்குத் தெரியாததா? மதுவந்திக்கு அம்மா இல்ல. நான் ஒத்தையா மணையில உக்காந்து பொண்ணைக் கொடுக்க முடியாது. நீங்களும் அண்ணனும் ஜோடியா உக்காந்துதான் தாரை வார்க்கணும். 'பெரியம்மா கையால தண்ணி ஊத்தணும்'னு அது ஒத்தக்கால்ல நிக்குது."

பிரகதாம்பாள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். தாயில்லாத அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பிய கை அது. பஞ்சநதம் தட்டை ஊஞ்சலில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

சகோதரர்களுக்குள் நடந்த போரின் நியாயத்தையும் இங்கே பதிவு செய்வது முறை. இருவர் வயலுக்கும் நடுவே ஒரு பாசன வாய்க்கால் ஓடியது. அது அண்ணன் பாகமா, தம்பி பாகமா என்பது வழக்கு. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு பேரும் வயலைப் பிளாட் போடுகிற தியாகராசனுக்கு விற்றுவிட்டார்கள். அவர் வாய்க்காலைத் தூர்த்து, மஞ்சள் கல் நட்டு, 'காவிரி நகர்' என்று வளைவும் கட்டிவிட்டார். இப்போது வாய்க்கால் இல்லை. வயல் இல்லை. வழக்கு மட்டும் வாய்தா தவறாமல் நடக்கிறது. சாதாரண மனிதர்கள் ஏதாவது ஒரு பொருளுக்காகச் சண்டை போடுவார்கள். பொருளே இல்லாமல் போட வேண்டுமானால் அதற்குக் 'கொள்கை' வேண்டும்.

மறுநாள் மூன்று மணிக்குக் காபி வரவில்லை.

"பிரகதா, காபி?"

"உற்பத்தி நின்னுபோச்சு."

"என்னது?"

"நெல்லும் வராது, இரும்பும் வராது. தாரை வார்க்க வர்றேன்னு தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, டிகிரி காபியே வரும்."

நாகேஸ்வரன் கலங்கவில்லை. பணிக்காலத்தில் அவர் பார்க்காத கலகமா? கீழ்வேளூர் பக்கம் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் பஸ்ஸை மறித்து உட்கார்ந்தால் மேலிடம் முதலில் தேடுவது அவரைத்தான். ஜீப்பிலிருந்து இறங்குவார். பானையில் மோர் வரவழைப்பார். சங்கத் தலைவருக்குத் தம் கையால் ஒரு டம்ளர் கொடுத்து, "உங்க உணர்வை மதிக்கிறேன். ஆவன செய்யப்படும்" என்பார். வெயிலில் கிடந்த ஜனம் மோரைக் குடித்துவிட்டு எழுந்து போகும். அப்புறம் தண்ணீர் வந்ததா என்பது வேறு துறை. அதில் மூக்கை நுழைப்பது மரபல்ல. இந்த அரிய கலைக்கு 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை ஹரி போன் செய்தான்.

"ஹரி, இதுல அமைதிப் பேச்சுவார்த்தைக்கு எந்த பட்டன்டா?"

"எதிரி ராஜாவோட பேசறதுக்காப்பா? மேல வலது பக்கம்—"

"எதிரியோட இல்லடா. ஜனங்களோட. சண்டை பாட்டுக்கு நடக்கணும், ஜனங்க எந்திரிச்சுப் போயிடணும்."

"அப்படின்னா ஆடம்பரச் சாமானுக்குச் செலவைக் கூட்டுங்க. இல்லேன்னா ஊருக்குள்ள பட்டாளத்தை நிறுத்துங்க. ஆனா ரெண்டும் கொஞ்ச நாளைக்குத்தான்ப்பா. சண்டை நிக்காம முகம் மாறாது."

முதல் இரண்டு யோசனைகளையும் நாகேஸ்வரன் உடனே ஏற்றார். மூன்றாவதைப் 'பரிசீலனையில்' வைத்தார். நல்ல நிர்வாகி வெளியே ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம் என்று வைக்க மாட்டான். ஆகவே இரண்டு ராஜ்யத்திலும் திட்டம் ஒரே நாளில் அமலுக்கு வந்தது.

முதலில் ஒரு டி.வி.டி. பிளேயர் வந்து இறங்கியது. பிரகதாம்பாள் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். அடுத்தது திருபுவனம் பட்டு, மாம்பழ நிறம், பெரிய கரை. அவள் பிரித்துப் பார்த்தாள், தடவியும் பார்த்தாள். அரசுக்கு நம்பிக்கை பிறந்தது.

"நல்லாத்தான் இருக்கு. எந்தக் கல்யாணத்துக்குக் கட்டிக்கிட்டுப் போறது?"

மைசூருக்கு டூர் டிக்கெட் வாங்கி வந்தார். புறப்படும் நாளைப் பார்த்தாள். முகூர்த்த நாள். டிக்கெட் டி.வி.டி. பிளேயரின் துணிக்கடியில் போனது.

பட்டாளம்தான் மிச்சம். பட்டுக்கோட்டையிலிருந்து தம் அக்காளை வரவழைத்துக் கூடத்தில் நிறுத்தினார். சிறுவயதில் அந்த அம்மாள் அதட்டினால் தெருவே அடங்கும். இரவுச் சாப்பாடு முடிவதற்குள் பட்டாளம் கலகக்காரர்களோடு சேர்ந்துவிட்டது.

"ஏன்டா நாகு, தூர்த்துப்போன வாய்க்காலுக்கு எவனாவது தண்ணி பாய்ச்சுவானாடா? பொண்ணு பாவம்டா!"

"அக்கா, இது கொள்கை விஷயம்."

"உன் கொள்கையைக் கொண்டுபோய்க் கொல்லையில போடு. பிரகதா, இவனுக்கு ரசம் ஊத்தாத."

கடைசியில் நாகேஸ்வரன் தாமே களத்தில் இறங்கினார். தம் கையால் மோர் கரைத்து, டம்ளரில் ஊற்றி, அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"பிரகதா, உன் உணர்வை மதிக்கிறேன். ஆவன செய்யப்படும்."

அவள் வாங்கிக் குடித்தாள்.

"உப்பு இல்ல. எப்ப செய்யப்படும்?"

"பரிசீலனையில இருக்கு."

"முகூர்த்தம் வெள்ளிக்கிழமை காலையில. பரிசீலனை எப்ப முடியும்?"

நாகேஸ்வரன் திகைத்தார். இத்தனை வருஷ சர்வீஸில், மோரைக் குடித்த பிறகு யாரும் கேள்வி கேட்டதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வரை பஞ்சநதம் காத்திருந்தார். அதற்கு மேல் காத்திருக்க முடியாமல் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். பிரகதாம்பாள் "சரி தம்பி" என்றாள். ரிசீவரை வைத்தாள்.

"என்னவாம்?"

"தியாகராசனும் அவரு சம்சாரமும் உக்காந்து தாரை வார்க்கிறாங்களாம்."

"யாரு? பிளாட் போட்டவனா? வாய்க்காலைத் தூர்த்தவன் நம்ம வீட்டுப் பொண்ணைத் தாரை வார்க்கிறதா? அவன் யாரு? என்ன பாத்தியதை அவனுக்கு?"

"உக்கார வேண்டியவங்க உக்காரலேன்னா, மணையைக் காலியாவா போட்டு வைப்பாங்க?"

நாகேஸ்வரன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பிரகதாம்பாளும் அக்காளும் விருந்தாளிகளைப் போலவாவது போய் வரலாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அறைக்குள்ளோ தேசத்துக்கு நெருக்கடி முற்றியிருந்தது. ஊர் ஊராகச் செக்கச் சிவப்பு. ஆடம்பரத்துக்குக் கொட்டிக் கொட்டிக் கஜானா வற்றிவிட்டது. ஊருக்குள் நிறுத்திய பட்டாளத்துக்குச் சோறில்லை. துறைமுகப் பட்டினம் ஒன்று, இனி எங்களுக்கு நீ ராஜா இல்லை என்று எதிரியோடு சேர்ந்துகொண்டது. இன்னும் இரண்டு ஊர் போனால் ஆட்டம் முடிந்தது.

வீணன் என்றால் வீம்பு பிடித்திருப்பான். நாகேஸ்வரன் மாமன்னர். மேலே வலது பக்கப் பட்டனைத் தாமே அழுத்தினார். தாடிக்கார ராஜா திரையில் வந்து முறைத்தான். ஆற்றங்கரையைக் கேட்டான், கொடுத்தார். மிச்சமிருந்த பொன்னைக் கேட்டான், கொடுத்தார். "தவறு உங்களுடையதுதான் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்தது. ஒரு கணம்கூடத் தயங்காமல் 'ஆம்' என்பதை அழுத்தினார். குடிகளின் சந்தோஷத்துக்கு முன்னால் தம் மானத்தைத் துரும்பாக மதித்த அந்தப் பெருந்தன்மைக்கு ஈடு சொல்ல ஆளில்லை. பலன் கைமேல் கிடைத்தது. திரை முழுவதும் மஞ்சள் பூத்தது. வாணவேடிக்கை வெடித்தது. ஜனங்கள் தெருவில் இறங்கி மன்னரை வாழ்த்தி ஆடினார்கள்.

"பிரகதா! ஓடியா, ஓடியா! போர் முடிஞ்சுபோச்சு!"

கதவு திறந்தது. மாம்பழ நிறப் பட்டில் பிரகதாம்பாள் நின்றாள். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. வாசலில் அக்காள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாயிற்று.

"பாரு, ஒரு முகம் சிவப்பு கிடையாது. அத்தனையும் சிரிக்குது!"

"யாரு முதல்ல பேசினது?"

"நான்தான். பெரிய மனுஷன்னா நாமளே இறங்கிப் போகணும் பிரகதா. அதுதான் ராஜதந்திரம்."

"சண்டை போட்ட கரை?"

"கொடுத்துட்டேன். ஜனங்க சந்தோஷத்துக்கு முன்னாடி கரையாவது ஒண்ணாவது!"

பிரகதாம்பாள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். திரையின் மூலையில் தாடிக்கார ராஜா இப்போது பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது.

"இவரு நமக்கு என்ன முறை வேணும்ங்க?"