கீதா டீச்சரின் நேபாளம்

நேபாளத்தின் தலைநகரம் எது என்று நேபாளத்துக்கே தெரியவில்லை.

"டெல்லியா டீச்சர்?" என்றான்.

கீதா டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் மோமோஸ் வண்டி போட்டிருக்கும் அவனை ஊரே 'நேபாளம்' என்றுதான் கூப்பிடும். சின்னக் கண், தலையில் பூப்போட்ட குல்லா, வண்டியின் நெற்றியில் பனிமலைப் படம். வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அவள் தற்காலிக டீச்சர். வியாழக்கிழமை கல்வி அதிகாரி வந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்க்கப் போகிறார். அவர் திருப்தியாகப் போனால்தான் வேலை நீடிக்கும் என்று, போன மாதம் மாற்றலாகி வந்த தலைமையாசிரியர் பஞ்சாட்சரம் சொல்லிவிட்டார். என்ன பாடம் என்று அவர் கேட்டபோது, "அண்டை நாடுகள் சார். நேபாளத்து ஆளையே கிளாஸுக்குக் கூட்டிக்கினு வரேன்" என்று இவள் வாய் முந்திக்கொண்டது.

"நீ நேபாளம்தானே?"

"எல்லாரும் அப்டித்தான் டீச்சர் கூப்டறாங்கோ."

"இங்க வந்து எத்தன வருஷமாச்சு?"

"நெனவு தெரிஞ்சதுலேருந்து இங்கதான் கீறேன்."

கைக்குழந்தையாக வந்திருப்பான், பாவம் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். சொந்த நாட்டை அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் போயிற்று.

மூன்று சாயங்காலம், ஏனாத்தூர் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் நின்றாள். காத்மாண்டு என்றாள். கோசி, கண்டகி, கர்னாலி என்று ஆறுகளைச் சொன்னாள். தெற்கே தராய் சமவெளி, வடக்கே பனி. மன்னராட்சி போன கதையையும் ஏழு மாகாணங்கள் வந்த கதையையும் சொன்னாள். அவன் முட்டைக்கோஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு, பார்சல் கட்டும் தாளில் எழுதிக்கொண்டான்.

"பரவால்லியே, தமிழ்ல எழுதக்கூட வருதே உனக்கு."

"பழக்கம்தான் டீச்சர். அந்த பூடானையும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"பூடான் உனக்கெதுக்குப்பா?"

"பக்கத்து வூடு மாரி டீச்சர். யாருனா கேட்டா சொல்லத் தெரியணும்ல?"

பூடான் முடிந்ததும் வங்கதேசம் கேட்டான். அது முடிந்ததும் மியான்மர். "அதெல்லாம் வேணாம்பா, நேரமாவுது" என்றால், "அப்ப வியாழக்கெயம வண்டிய வுட்டுட்டு எப்டி டீச்சர் வர்றது" என்று இழுத்தான். இலங்கையின் நடுவில் இருக்கிற மலைகளை அவள் வரைந்து காட்டியபோது அன்றைய கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

புதன்கிழமை பஞ்சாட்சரம் கூப்பிட்டார்.

"அவுங்க நாட்டுத் தேசிய கீதத்தப் பாடச் சொல்லுங்க. அதிகாரி அசந்துடுவாரு."

"அவருக்குத் தொண்ட கட்டிக்கினு கீது சார்."

"அய்யய்யோ. அப்ப பேசுவாரா?"

"பேசுவாரு சார். பாட்டுதான் வராது."

பஞ்சாட்சரம் ரொம்பவும் நல்லவர். சுக்குக் காபிக்கு ஏற்பாடு செய்தார். செய்த கையோடு அதிகாரிக்கும் போன் போட்டு, வெளிநாட்டு விருந்தாளி வருகிறார் என்று சொல்லிவிட்டார். அதிகாரி மறுநாள் அரை மணி முன்னாலேயே வந்து இறங்கினார். வேலையில் சேருவதற்கு முன்னால் நேபாளத்தில் பத்து நாள் மலை ஏறியவராம்.

வகுப்பில் குல்லாவோடு நின்றவனைப் பார்த்ததும் நேபாளி மொழியில் ஆசையாக ஏதோ கேட்டார். நேபாளம் இருமியது.

"தொண்ட சார்," என்றாள் கீதா.

இந்தியில் கேட்டார். இன்னும் பலமாக இருமியது. பஞ்சாட்சரம் ஓடிவந்து சுக்குக் காபி ஊற்றினார்.

"சரி, தமிழ் வருமா?"

இருமல் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. ஆறு, மலை, மாகாணம், இரண்டு அவை கொண்ட நாடாளுமன்றம், எல்லாம் வரிசை தப்பாமல் வந்தது. ஒரு பெண் எழுந்து பூடானைப் பற்றிக் கேட்டாள்.

"அங்க ராஜாவும் கீறாரு, எலெக்‌ஷனும் கீது. ஜனங்கோ சந்தோஷமா கீதுங்களான்னு கூட கணக்கெடுக்கறாங்கோ."

"நம்ம ஊருக்கு எப்பண்ணா வருவாங்க?" என்று அவள் கேட்க, வகுப்பே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். மூன்று நாளில் முதல் முறையாகக் கீதாவும் சிரித்தாள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அவரு நாடு, அவருக்குத் தெரியுது. பக்கத்து நாடுங்களும் தெரியுது. இதுல நீங்க என்னம்மா சொல்லிக்குடுத்தீங்க? ஆளக் கூட்டிக்கினு வர்றதுக்கு ஒரு டீச்சர் எதுக்கு?"

அத்தனையும் நான் சொல்லிக்கொடுத்தது சார் என்று தொண்டை வரை வந்தது. சொன்னால் நேபாளத்தானுக்கே நேபாளம் தெரியாது என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் வேலை போய்விடும். பஞ்சாட்சரத்தைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

இருபது வருடமாக இதே பள்ளியில் சத்துணவு சமைக்கும் பவளம், டீத் தட்டோடு வாசலிலேயே நின்று அவன் பேசியதையெல்லாம் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவன் குல்லாவைத் தூக்கிப் பார்த்தாள்.

"அட, நம்ம மாகறல் ஊரு ஜான்சனு. இதே ஸ்கூல்ல சோஷியல்ல மட்டும் மூணு வாட்டி ஃபெயிலானியேடா, இப்ப யாருகிட்ட டியூஷன் போறே?"