சோல்வே வேண்டாமென்ற சாக்லேட் கேக்

"வேண்டாம் வேண்டாம், எனக்கெதுக்கு?" என்றாள் சோல்வே.

கிளேட்டன் கரண்டியும் கையுமாக நின்றான். கொல்லைப்புறத்து நெருப்புக்குழியில் இரும்புச் சட்டி, மூடியின் மேலும் தணல், உள்ளே சாக்லேட் கேக். டெக்சஸிலிருந்து மினசோட்டாவுக்கு வந்த இந்த ஆறு மாதத்தில் அவன் பெருமையாகச் சொல்லிக்கொண்ட சமையல் இது ஒன்றுதான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, நூலகத்தில் வேலை பார்க்கும் சோல்வேயோடு நாலு மாதப் பழக்கம். கேக்கைச் சாப்பிட்டு அவள் முகம் மலரும்போது கல்யாணப் பேச்சை எடுப்பதாகத் திட்டம். மோதிரம் சட்டைப்பையில் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்னி கிழவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். காலையில் கிளேட்டன் காபி வேண்டுமா என்றபோது, "வேண்டாம்ப்பா" என்றார். மறுபடி கேட்டதற்கு, "வேண்டவே வேண்டாம்" என்றார். "வீணாப் போகுதே, குடிங்களேன்" என்றதும் மூன்று கோப்பை குடித்தார். பாவம், வயசாகிவிட்டது, மறதி என்று கிளேட்டன் நினைத்துக்கொண்டான்.

சோல்வே எதற்கு வேண்டாமென்றாள்? சாக்லேட் போதவில்லை போலிருக்கிறது. இரண்டு கட்டிகளை உடைத்துப் போட்டு, மூடி மேல் இன்னும் தணலை அள்ளி வைத்தான். அடி பிடித்தது.

தீய்ந்த வாடையை மறைக்க மார்ஷ்மெல்லோ மிட்டாயைக் கொட்டினான். அது தீப்பிடித்தது. ஊதி அணைத்தான். மூடியில் இருந்த சாம்பல் முழுக்கக் கேக்கில் இறங்கியது.

"இப்போ கொஞ்சம்?"

"ஐயோ, வீட்டிலயே சாப்பிட்டுட்டேங்க. நீங்க சாப்பிடுங்க."

கிளேட்டனுக்கு அழுகை வந்தது. இதற்கு மேல் கெடுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடலாமென்று மண்டியிட்டான். கீழே ஒரு தணல் கிடந்தது. கால்சட்டை புகைந்தது. சோல்வே பதறாமல் தான் கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சாற்றை அவன் முழங்காலில் ஊற்றினாள்.

"சோல்வே, என்னைக் கட்டிக்கறீங்களா?"

"எனக்காக நீங்க எதுக்குங்க சிரமப்படணும்?"

"நெசமாவா சொல்றீங்க?"

"வேண்டாங்க, உங்களுக்குத்தான் தொந்தரவு."

டெக்சஸில் ஒரு பெண் வேண்டாமென்று சொல்லிவிட்டால், ஆண்பிள்ளை தொப்பியை மாட்டிக்கொண்டு மரியாதையாகக் கிளம்பிவிடுவான். கிளேட்டனும் தொப்பியை மாட்டிக்கொண்டான். சொந்த வீடாக இருந்ததால் கிளம்ப இடமில்லை.

சோல்வேதான் கிளம்பினாள். நாற்காலியை விட்டு எழுந்து ஒரு முறை, படியில் ஒரு முறை, காரின் அருகே ஒரு முறை "அப்போ வரேங்க" என்றாள். காரில் ஏறி உட்கார்ந்தாள்.

கிளேட்டன் நெருப்பில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினான். இந்த ஊரே வேண்டாமென்று இருந்தது.

"என்னய்யா, அதுக்குள்ள அணைக்கற?" என்றார் ஆர்னி வேலியோரம் வந்து.

"அவங்க என்னை வேண்டாம்னுட்டாங்க."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

ஆர்னி கோடாலியைக் கீழே வைத்தார். "ரெண்டே தடவையா? அட கிறுக்கா! எங்க ஊர்ல எடுத்ததுமே சரின்னு சொன்னா அலையறான்னுவாங்க. மூணாவது தடவை கேட்டாத்தான்யா வாயைத் தொறப்போம்! காலையில நான் காபி குடிச்சதை நீ பாக்கல?"

கிளேட்டன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். கார் அங்கேயேதான் நின்றது. இன்ஜின் சத்தமே இல்லை.

மோதிரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். அவன் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடி இறங்கியது.

"அதுக்கு சரிதான். மொதல்ல கேக் வேணுமான்னு இன்னொரு தடவை கேளுங்க," என்றாள் சோல்வே. "காலையிலேருந்து பட்டினி."