அருணாசலம் சாப்பிட்ட முட்டை ஓடு

திருவண்ணாமலையில் எந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பதைத் தெருவில் நின்றபடியே சொல்லக்கூடிய மூக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எங்கள் மீட்டர்காரர் வைத்திருந்தார். மின்சார ஆபீசில் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலை. மாதம் ஒருமுறை ஊரில் உள்ள வீடு பூராவும் நுழைந்து வருவார். "கடைசி வீட்ல கருவாடு, எதிர் வீட்ல நேத்து வச்ச மீன் கொழம்பு" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்து நிற்பார். அவ்வளவு சுத்த சைவம்.

எழுபதுகளின் நடுவில் நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. செங்கம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே வாசலுக்குள் இரண்டு குடித்தனம் இருக்கும் வீட்டில் பின்பக்க அறை எனக்கு. முன்பக்கம் மீட்டர்காரரும் அவர் மனைவியும். வீட்டுக்கு உடையவர் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் மாமிசமோ முட்டையோ வரக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அவரே அதை மறந்துபோயிருப்பார். மீட்டர்காரர் மறக்கவில்லை.

நான் குடிவந்த இரண்டாம் வாரம், மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ரகசியமாக ஒரு ஆம்லெட் போட்டேன். ஜன்னலை மூடி, கதவிடுக்கில் துண்டை அடைத்துவிட்டுத்தான் போட்டேன். வெங்காயம் வதங்குவதற்குள் கதவைத் தட்டும் சத்தம்.

"சார், இன்னைக்கு இன்னா சமையல்?"

"ரசம் சார்."

"ரசம் பொரியற சத்தம் கேக்குதே."

அந்த ஆம்லெட் என் தொண்டையில் இறங்கவே இல்லை. மறுநாளே வீட்டுக்காரருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டார் மனுஷன். அவர் பஸ் பிடித்து வந்து என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார். எனக்கு மீட்டர்காரர் மேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அடுத்த ஒரு வருஷம் அவருக்கு நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த இடத்தில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. கோயில் வாசலில் கிளி ஜோசியம் பார்க்கிற ஒருவர் சும்மாவே கொடுத்தது. சீட்டை எடுக்கச் சொன்னால் கிழித்துப் போட்டுவிடுமாம். மீட்டர்காரர் அதற்கு அருணாசலம் என்று பெயர் வைத்து, "அரோகரா" சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார். ஆண் கிளிக்குக் கழுத்தில் ஆரம் விழும் என்பார்கள். அருணாசலத்துக்கு விழவில்லை. "அடுத்த தீபத்துக்குள்ள வந்துடும்" என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை அருணாசலம் கூண்டுக் கம்பியிலிருந்து தொப்பென்று கீழே விழுந்தது. தூக்கி உட்கார வைத்தால் மறுபடி விழுந்தது. காலில் பிடிமானமே இல்லை. மீட்டர்காரர் கூண்டைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். அன்றைக்கு அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துதான் முதல்முறையாக அவர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. நானும் பின்னால் போனேன்.

மாட்டு டாக்டர் கிளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆணா, பொட்டையா?"

"ஆண் சார். பேரே அருணாசலம்."

"இன்னா தீனி குடுக்கறீங்க?"

"நெல்லு, வேர்க்கடலை, மொளகாப்பழம். கூண்டை நடு ரூம்ல, வெயில் படாம வச்சிருக்கோம் சார்."

"அதான் சங்கதி. சுண்ணாம்புச் சத்து ரொம்பக் கம்மி. இப்படியே வுட்டா ரெண்டு மாசம் தாங்காது. வேர்க்கடலையைக் கொறைங்க. முருங்கைக்கீரை குடுங்க, கேழ்வரகு குடுங்க. தெனம் காலையில இளவெயில்ல வைங்க, அப்பதான் சத்து ஒடம்புல ஒட்டும். வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பைக் கொண்டு போய் ஊட்டிறாதீங்க, நாக்கு வெந்துடும்." டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சேர்த்தார். "எல்லாத்தையும் விட நல்லது முட்டை ஓடு. கொதிக்க வச்சு, காய வச்சு, மாவா இடிச்சு, தெனம் ஒரு சிட்டிகை."

மீட்டர்காரர் கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பத்து நாள் கீரையோடும் கேழ்வரகோடும் போராடினார். கீரையை அருணாசலம் நார் நாராகக் கிழித்து வெளியே போட்டது. கேழ்வரகுக் களியை அவர் சட்டையில் துப்பியது. அந்தச் சட்டையோடேயே ரீடிங் எடுக்கப் போனார். பதினோராவது நாள் கிளி மறுபடி விழுந்தது. அன்று சாயங்காலம் என் கதவைத் தட்டினார்.

"சார், நீங்க ஆம்லெட் சாப்பிடறதை வுட்டுட்டீங்களா?"

"நீங்கதானே சார் வுடச் சொன்னீங்க?"

"மறுபடி ஆரம்பிங்களேன்."

ஒரு வருஷக் கோபத்துக்கு வட்டியோடு வசூல் பண்ண இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. "வீட்டுக்காரருக்கு ஒரு கார்டு எழுதிக் கேட்டுச் சொல்லட்டுமா சார்?" என்றேன். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். "நான் பண்ணது தப்புதான் சார். அது செத்துடும் சார்" என்றார். அதற்கப்புறம் விளையாட எனக்கு மனசு வரவில்லை. அன்றே மூன்று முட்டை வாங்கி வந்தேன்.

முட்டை ஓட்டை இடிப்பது அடுத்த பிரச்சினை. தன் உரல் பக்கம் அது வரக்கூடாது என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். "அந்த ஒலக்கை மேல பட்டுச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன், பாத்துக்கோங்க." அதனால் தெருக்கோடி வேப்பமரத்தடியில் ஒரு தட்டைக் கல்லைப் போட்டு, கூழாங்கல்லால் இடித்தார். முடிந்ததும் கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் முட்டை ஓடு இடிப்பதைப் பார்க்கவே தெருவில் கூட்டம் கூடியது.

பொடியைக் கொய்யாப்பழத்தில் தடவிக் கொடுத்தார். அருணாசலம் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. அந்தக் கிளிக்கு ஒரு பழக்கம். அவர் என்ன தின்றாலும் அதற்கும் வேண்டும். அவர் தின்னாததை அது தொடாது. சரி என்று அவர் வாயருகே கொண்டுபோய் மெல்லுவது மாதிரி பாவனை செய்தார். கிளி அவர் தொண்டையையே பார்த்தது. தொண்டை அசையவில்லை. அதுவும் அசையவில்லை.

மூன்றாம் நாள் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அண்ணாமலையாரே" என்று சொல்லி, பொடி தடவிய கொய்யாத் துண்டைக் கடித்து விழுங்கிவிட்டார். அருணாசலம் உடனே மீதியைப் பிடுங்கித் தின்றது. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவருக்கு ஒரு வாய், கிளிக்கு ஒரு வாய். செய்த பாவத்துக்காக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செருப்பில்லாமல் மலையைச் சுற்றி வந்தார். திங்கட்கிழமை காலை மறுபடி ஓட்டுத்தூள். "அவரு மன்னிச்சுடுவாரு சார். இது மன்னிக்காது" என்று கூண்டைக் காட்டினார்.

இளவெயில் காட்ட வேண்டுமே, அதற்கும் வழி கண்டுபிடித்தார். சைக்கிள் ஹேண்டில்பாரில் கூண்டைக் கட்டிக்கொண்டு ரீடிங் எடுக்கப் போனார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அருணாசலம் "அரோகரா" என்றது. பண்டாரம் பிச்சைக்கு வந்திருக்கிறார் என்று பெண்கள் கையில் அரிசியோடு வெளியே வந்தார்கள். "அரிசி வேணாம்மா. முட்டை ஓடு இருந்தா குடுங்க" என்றார் மீட்டர்காரர். என் ஒருவனுடைய ஆம்லெட் போதவில்லையாம், கையிருப்பு வேண்டுமாம். எதிர் வீட்டில் மீன் குழம்பு வைத்ததற்கு முகம் சுளித்த அதே மனிதர்தான்.

ஊர் சும்மா இருக்குமா? மின்சார ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. மீட்டர்காரர் வீட்டுக்கு வீடு முட்டை வாங்கிக்கொண்டு ரீடிங்கைக் குறைத்து எழுதுகிறார் என்று. இன்ஜினியர் கூப்பிட்டு விசாரித்தார். அந்த விசாரணையை மீட்டர்காரரே என்னிடம் வந்து ஒப்பித்தார்.

"முட்டை வாங்கறீங்களாமே?"

"முட்டை இல்லீங்க சார். ஓடு மட்டும்."

"ஓட்டை வச்சிக்கிட்டு இன்னா பண்ணுவீங்க?"

"சாப்பிடறேன் சார்."

இன்ஜினியர் கடுதாசியை மடித்து வைத்துவிட்டு, "ரெண்டு நாள் லீவு எடுத்துக்கிட்டு ஒடம்பைப் பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டாராம்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. கிளி கம்பியை இறுக்கிப் பிடித்து உட்கார ஆரம்பித்தது. திடீரென்று கூண்டின் தரையில் விரித்த காகிதத்தைக் கிழித்து மூலையில் குவித்தது. "தெம்பு வந்துடுச்சு, கொழுப்பு ஏறுது" என்று மீட்டர்காரர் பூரித்துப்போனார்.

ஒரு புதன்கிழமை காலை நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது முன்பக்கமிருந்து அவர் மனைவியின் அழுகைச் சத்தம் கேட்டது. அருணாசலம் கூண்டின் தரையில் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வால் மேலும் கீழும் ஆடியது. கண்ணைத் திறக்கவில்லை. மீட்டர்காரர் சொம்பில் வெந்நீர் ஊற்றித் துண்டால் சுற்றி, கூண்டை ஒட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் இதை வுட்டு நகர முடியாது. நீங்க போயி டாக்டரைக் கூட்டியாங்க சார்" என்றார்.

நான் சைக்கிளை மிதித்த மிதி எனக்குத்தான் தெரியும். டாக்டர் ஒரு எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கெஞ்சிக் கூத்தாடிப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். நாங்கள் வாசலில் நுழைந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. அவ்வளவுதான், போய்விட்டது என்றே நினைத்தேன்.

உள்ளே மீட்டர்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். நீட்டிய அவர் உள்ளங்கையில் வெள்ளையாகச் சின்னதாக ஒரு முட்டை இருந்தது. மூலையில் குவித்த காகிதத்தின் மேல் கிளி சோர்ந்துபோய், ஆனால் கண்ணைத் திறந்து உட்கார்ந்திருந்தது. உரலைத் தொட விடாத அவர் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த முட்டையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆண்னு சொன்னீங்களே" என்றார் டாக்டர்.

டாக்டர் கிளியைப் பார்த்தார், பிறகு முட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஓடு நல்லா கெட்டியா வந்திருக்கு. சத்து இல்லாத கிளிக்குத் தோலு மாதிரி மெத்துனு இருக்கும், வெளிய வராம உள்ளயே மாட்டிக்கும். அப்படி ஆயிருந்தா நான் வந்தும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ரெண்டு மாசமா நீங்க குடுத்ததுதான் இதைக் காப்பாத்திச்சு. நிறுத்திடாதீங்க."

"நிறுத்த மாட்டேன் சார்" என்றார் மீட்டர்காரர்.

டாக்டரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது மணி பத்தரை தாண்டிவிட்டது. மீட்டர்காரர் இன்னும் கூண்டை விட்டு நகரவில்லை. கம்பிகளுக்கிடையே ஒரு விரலை விட்டுக் கிளியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

"அருணா, வலிச்சுதாடி கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார்.

அன்று நான் ஆபீசுக்குப் போகவில்லை. அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அந்த மனுஷனை எனக்குப் பிடித்துப் போய்விட்டது.