நாலாவது மாத்திரை

"நேத்து பல்லு மட்டும்தான் கறுப்பு. இன்னிக்கு நாக்கும் கறுப்புங்க!" கண்ணாடி முன்னால் நின்று அழாத குறையாகச் சொன்னாள் நோரா.

கிளிஃபர்ட் நோட்டை எடுத்து, 'மூன்றாவது மருந்து, சிரப்: நாக்கும் கறுப்பு' என்று எழுதிக்கொண்டான். பெண்டாட்டி அழுகிற நேரத்தில் நோட்டைத் தேடுகிற புருஷனை என்ன சொல்ல? ஆனால் அத்தனையும் பிரியத்தில் செய்கிற காரியம்தான்.

நோராவுக்கு இது ஆறாம் மாதம். ஹீமோகுளோபின் எட்டரையிலேயே சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் பத்தைத் தொடாவிட்டால் இரும்புச்சத்தை டிரிப்பாக ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தடுப்பூசிக்கே மயங்கி விழுந்தவள் நோரா.

கிளிஃபர்ட் அத்திபெலேயில் ஒரு போல்ட் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். "எதை டெஸ்ட் பண்ணாலும் ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்" என்பது அவன் வேதம். ஆகவே டாக்டரை நச்சரித்து மருந்தை மட்டும் மாற்றினான். தினமும் காலை கம்பெனி பஸ் பிடிக்கப் போகுமுன் அவனே இஞ்சி டீ போட்டு, மூடி வைத்து, பக்கத்தில் மாத்திரையையும் வைத்துவிட்டுப் போவான். அவனுக்குத் தெரிந்த ஒரே சமையல் அது. டம்ளர் காலியாக இருப்பதைச் சாயங்காலம் பார்த்தால் அவன் முகம் பூரித்துப்போகும். அந்த முகம் வாடினால் நோராவுக்குத் தாங்காது.

நாலாம் மாதம் ஆரம்பித்த முதல் மாத்திரைக்கு வாந்தி. சிவப்பு மையில் அடித்துவிட்டான். இரண்டாவதில் ஐந்து நாள் வயிறு கட்டிக்கொண்டது. டஜன் டஜனாக வாழைப்பழம் வாங்கிப் போட்டதில், பழ வண்டியைக் கண்டாலே நோரா எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

மூன்றாவதுதான் இந்தச் சிரப். கறுத்த பல்லை மறைக்க, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அவர்கள் குடியிருக்கும் மர்பி டவுன் முழுக்கப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று பேச்சு. பாஸ்டரம்மா பைபிளோடு சமாதானம் செய்ய வந்துவிட்டார். "நோரா, வாயத் திறந்து காட்டு!" என்று அவர் முன்னால் கிளிஃபர்ட் கெஞ்ச, அன்றைக்கு நிஜமாகவே சண்டை வந்தது.

நாலாவது மாத்திரை ஆரம்பித்தான்.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், மாடிவீட்டு அலெக்சாண்டர் அங்கிள் படிக்கட்டில் அவனைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார். "இஞ்சி இன்னிக்கு சக்கத்தா இருந்துச்சு, தம்பி!"

தன் டீயின் வாசம் மாடிவரை போகிறதே என்று கிளிஃபர்டுக்கு ஒரே பெருமை.

மாதம் முடிந்து ரத்தப் பரிசோதனை. பத்தே முக்கால்! அங்கிளின் பழைய காரிலேயே மூவரும் கிளினிக்குக் கிளம்பினார்கள். அங்கிள் வண்டியை நிறுத்தப் போக, கிளிஃபர்ட் நோட்டோடும் மைசூர்பாக்கோடும் நர்ஸ் குளோரியா முன்னால் போய் நின்றான்.

"சிஸ்டர், நாலுல இதுதான் பெஸ்ட். எல்லாருக்கும் இதையே குடுங்க."

குளோரியா நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாள். "முதல் மாத்திரையும் இதுவும் ஒரே மருந்துதாங்க. கம்பெனி பேருதான் வேற."

"அதுக்கு வாந்தி வந்துச்சே?"

"அது மசக்கை வாந்தி. பாவம், மாத்திரை மேல பழியப் போட்டுட்டீங்க."

"அப்போ ரத்தம் எப்படி ஏறிச்சு?"

"டீயோட போட்டா எந்த மாத்திரையும் சரியா உடம்புல சேராது. டீய நிறுத்துங்கன்னு போன மாசமே நோராகிட்ட சொன்னேனே."

"நிறுத்தலையே, சிஸ்டர்! தினமும் டம்ளர் காலியாத்தானே இருந்துச்சு!"

நோரா தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்தாள். அது ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்து அங்கிள் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"அதான் ரத்தம் ஏறிடுச்சே! அப்போ நாளையிலேருந்து உன் டீய நோராவே குடிச்சுக்குமா? எனக்குக் கிடையாதா, தம்பி?"