நனையாத படகுகள்

"மானியம்னா என்னங்க, கடனா?"

"கடன் இல்ல தையலு. திருப்பித் தர வேண்டாம்."

"திருப்பித் தர வேண்டாத பணத்துக்கு எதுக்கு இத்தனை கனமா ஒரு நிபந்தனைப் புத்தகம்?"

"அவசர காலத்துக்கு நம்மளத் தயார்படுத்தறாங்க. நாளைக்கே வெள்ளம் வந்தா என்ன பண்ணுவ?"

"படகை எடுப்பேன். போன மழையில உங்களையே அதுலதான அள்ளிப் போட்டுக் கொண்டுவந்தேன்? இடுப்புல வேட்டி நிக்கல, கையில மட்டும் மன்றத் தீர்மானம்!"

ஈராற்றூர் நகர்மன்ற உறுப்பினர் கூத்தரசனும், துறையில் படகோட்டும் அவர் மனைவி தையல்நாயகியும் பேசிக்கொண்டது இது. பின்னாளில் கூத்தரசன் இதைப் பலமுறை நினைத்துப் பார்த்தார். அன்று சிரித்துவிட்டு மன்றத்துக்குப் போய், மற்றவர்களோடு சேர்ந்து மானியத்துக்குக் கை தூக்கினார்.

இரண்டு ஆறுகள் கூடும் தாழ்வான இடத்தில் இருந்தது ஈராற்றூர். அதை ஆண்ட பேரரசின் தலைநகரான உச்சிநகரோ மலைமேல் இருந்தது. அங்கே வெள்ளம் வந்ததே இல்லை. ஆகவே வெள்ளத்தைப் பற்றிச் சட்டம் எழுத அங்கே நிறையப் பேருக்கு நேரம் இருந்தது. ஈராற்றூரின் படகுத்துறை வரி முழுவதும் மலையேறிப் போகும். அதில் ஒரு சிறு பங்கு மானியம் என்ற பெயரோடு, மேளதாளத்துடன் இறங்கி வரும். அதற்கு நன்றி விழா எடுப்பது முதல் நிபந்தனை.

வந்த பணத்தில் ஒரு காவல் கோபுரம் கட்டினார்கள். அபாயச் சங்கு ஒன்றும், பளபளக்கும் இரும்புப் படகுகளும் வாங்கினார்கள். அடுத்த மழையில் ஊருக்குள் தண்ணீர் புகுந்தபோது அந்தப் படகுகளை இறக்கி மக்களைக் காப்பாற்றினார்கள். அதுதான் ஈராற்றூர் செய்த முதல் குற்றம்.

உச்சிநகரிலிருந்து சோதனைக்கு வந்த ஆயத்தநிலை ஆணையர் வீரகேசரியார் ஒரு படகின் அடியைத் தடவிப் பார்த்தார். விரலில் சேறு ஒட்டியது.

"இப்படகு நனைந்திருக்கிறதே?"

"வெள்ளம் வந்ததுங்க ஐயா," என்றார் நகரத்தலைவர் திருமேனியார்.

"வெள்ளம் வரும், போகும். ஆயத்தநிலை நிரந்தரமானது. பயன்படுத்திய கருவி எப்படி ஆயத்தமான கருவி ஆகும்?"

திருமேனியார் யோசித்தார். விடை தெரியாததால் மன்னிப்புக் கேட்டார்.

அன்று முதல் இரும்புப் படகுகள் நீரில் இறங்கக் கூடாது என்று விதி வந்தது. அவற்றை வைக்க மதிலோடு ஒரு கிடங்கு வேண்டியிருந்தது. ஊரில் வெறுமையாகக் கிடந்த ஒரே பொது நிலம் வடிகால் என்பதால் அதை அடைத்துக் கட்டினார்கள். முன்பு பெருமழைக்கு மட்டும் மூழ்கிய பள்ளத்தெரு, இப்போது தூறலுக்கே மூழ்கத் தொடங்கியது. அபாயச் சங்கை ஊதலாமா என்று மன்றம் கேட்டு எழுதியது. ஊதினால் அபாயம் இருப்பதாகப் பொருள்படும், அபாயம் இருக்கும் ஊருக்கு மானியத்துக்கான தகுதிப் பட்டயம் கிடையாது என்று பதில் வந்தது.

அதன்பின் தனியார் படகுகளைப் பற்றிய ஆணை வந்தது. யாரும் எந்நேரமும் எங்கும் போக முடிவது பாதுகாப்புக்கு ஊறு. ஆகவே எல்லாப் படகுகளையும் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். அவசர காலத்தில் திருப்பித் தரப்படும்.

"முன்மாதிரியா முதல்ல நீங்க குடுங்க," என்று திருமேனியார் கூத்தரசனிடம் சொன்னார்.

மணமாவதற்கு முன், அக்கரையில் ஒரு வேலையும் இல்லாமல் தினமும் தையல்நாயகியின் படகில் போய்வந்தவர் கூத்தரசன். அதை அவரே கயிறு பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கிடங்கில் விட்டார். தையல்நாயகி அழவில்லை. "கேட்டு வாங்கிட்டு வாங்க, போதும்," என்று மட்டும் சொன்னாள்.

ஒவ்வொரு சோதனையின் முடிவிலும், "கோரிக்கை ஏதேனும் உண்டா?" என்று ஆணையர் கேட்பது மரபு. "இல்லை" என்பதே மரபான பதில். கூத்தரசன் ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பார். திருமேனியார் இருமுவார். கூத்தரசன் மூடிக்கொள்வார்.

"கேட்டீங்களா?"

"சூழ்நிலை சரியில்ல தையலு. அடுத்த தடவை."

"உங்க சூழ்நிலை சரியாகறதுக்குள்ள எனக்குத் துடுப்பு பிடிக்கவே மறந்துடும்."

மூன்றாவது நன்றி விழாவன்று விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தெருவில் அலறல் கேட்டதும் தையல்நாயகி புடவையை வரிந்துகொண்டு, கழுத்தளவு நீரில் நடந்தே போனாள். விழா காவல் கோபுரத்தின் உச்சியில் நடந்தது. ஊரில் நனையாத இடம் அது ஒன்றுதான்.

வீரகேசரியார் கிடங்கைப் பார்வையிட்டுவிட்டு வந்தார். விரலை உயர்த்திக் காட்டினார். அதில் ஒரு துளி ஈரமில்லை.

"பேரரசிலேயே மிகச் சிறந்த ஆயத்தநிலை நகரம் ஈராற்றூர்!" என்று அறிவித்தார். "பரிசாக, கிடங்கின் மதிலை இன்னும் உயர்த்த ஒரு சிறப்பு மானியம்."

எல்லாரும் கைதட்டினார்கள். கூத்தரசன் தட்டவில்லை. அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தெருவின் மாவு மில் கூரைமேல் பத்துப் பதினைந்து பேர் ஒட்டி நின்றார்கள். அவர்களில் ஒருத்தி தோளில் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்திருந்தாள். இத்தனை தொலைவிலும் அவள் நிற்கும் விதம் அவருக்குத் தெரியும். தண்ணீர் கூரையின் ஓடுகளைத் தொட்டுவிட்டது.

"அவசர காலம்னு அறிவிச்சுடலாமே?" என்று தலைவரின் காதில் கேட்டார்.

"பட்டயம் கைக்கு வரட்டும்யா. இப்ப அறிவிச்சா எல்லாம் போச்சு."

வீரகேசரியார் தொண்டையைச் செருமினார். "மரபுப்படி வினவுகிறேன். இந்நகருக்குக் கோரிக்கை ஏதேனும் உண்டா?"

திருமேனியார் இருமினார். மறுபடியும், இன்னும் பலமாக இருமினார்.

கூத்தரசன் முன்னால் வந்தார். அவர் சொன்னது கோபுரத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"உங்க மானியத்த நீங்களே வச்சுக்கோங்க ஐயா. எங்க படகுகளத் திருப்பிக் குடுங்க."