லூசி வளைத்த ஒன்பது பேர்

நாயை அவிழ்த்துவிட்டது நான்தான். அதுவே அறுத்துக்கொண்டு ஓடியது என்றுதான் இன்று வரைக்கும் சொல்லி வருகிறேன். (யாரும் நம்பவில்லை.)

காணை பக்கம் எங்கள் ஊர். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். திண்டிவனத்தில் ஒரு வீட்டுக்குச் சாமான் ஏற்றப் போனபோது, "சென்னை ஃப்ளாட்ல நாய் வைக்க உடமாட்டாங்க, நீ வெச்சுக்கிறியாப்பா?" என்றார்கள். கறுப்பும் வெள்ளையும், சடை முடி. பார்டர் கோலி என்று ஒரு சாதியாம். வெளிநாட்டில் ஆடு மேய்க்குமாம். பேர் லூசி.

வந்த மறுநாளே பக்கத்து வீட்டு ஆடு எட்டையும் ஓட்டி வந்து எங்கள் வாசலில் நிறுத்தியது. குரைக்கவில்லை. கடிக்கவில்லை. வயிறு தரையில் படப் பதுங்கி, பார்த்தது. அவ்வளவுதான். யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு எட்டாவது வரைக்கும் என்னென்னவோ சொல்லித்தந்தார்கள், ஒன்றும் ஏறவில்லை. கும்பிடலாம் போல இருந்தது.

அந்த மாசம்தான் என் தங்கச்சி செல்வியைப் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வேனில் ஒன்பது பேர் வந்தார்கள். அதற்கு முன்னால் மூன்று கூட்டம் வந்து, "போயிட்டு போன் பண்றோம்" என்று போனது. போன் வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம், பெண்ணைப் பிடித்துச் சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைத்துச் சாப்பிடுவார்கள். இல்லையென்றால் காபியோடு சரி.

மாப்பிள்ளையின் மாமா எங்கள் வீட்டுக் கூரை ஷீட்டையே பார்த்தார். எழுந்தார்.

"போயிட்டு போன் பண்றோம்."

சமைத்து வைத்திருந்த அம்மாவுக்கு முகம் செத்துப்போச்சு. கூரையைத்தான் காட்ட முடியவில்லை, நாயையாவது காட்டுவோம் என்று நினைத்தேன். (மூளை அப்படி.)

"எங்க ஊட்டு நாயப் பாருங்க. சொன்னா சொன்னபடி கேக்கும்."

அவிழ்த்தேன்.

அதற்குள் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். ஒருத்தர் குழாயடியில் பீடி பற்றவைத்தார். ரெண்டு அம்மா புளியமரத்தடியில். லூசி ஒரு தரம் எல்லாரையும் பார்த்தது. பெரிய வட்டமாக ஓடியது. மூணு நிமிஷம்கூட இல்லை. ஒன்பது பேரும் எங்கள் வாசல் பந்தலடியில், ஒட்டினாற்போல.

"ஏம்பா, கூப்புடுப்பா!" என்றார் மாமா.

"லூசி, வா! போ! உக்காரு!" கையை ஆட்டிக்கினு ஓடினேன். நான் கை ஆட்ட ஆட்ட அது இன்னும் நெருக்கியது. பின்னால் பார்த்தால் என் கால் பக்கமும் அதே கண். இப்போது பத்துப் பேர். பத்தாவது நான்.

"சொன்னபடி கேக்கும்னியே?"

"கேக்கும்ங்க. இன்னா சொல்லணும்னுதான் தெரியல."

மாப்பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். அவரை அது சீண்டவில்லை. மாமா வேன் பக்கம் நாலு தரம் போய்ப் பார்த்தார். நாலு தரமும் திரும்பி வந்தார்.

மணி ரெண்டு ஆயிற்று. மாப்பிள்ளையின் அம்மா, "எனக்கு சுகரு இருக்குது. தலைய சுத்துது" என்றார். செல்வி நேராக நடந்து வந்து சோற்றுத் தட்டைக் கையில் கொடுத்தாள். அந்தம்மா பிசைந்து வாயில் வைத்தார்.

மாமா தலையில் கை வைத்தார். "கை நனைச்சிட்டியே, தங்கச்சி!"

அந்தம்மா மென்றுகொண்டே செல்வியைப் பார்த்தார். "எம் புள்ளய உனக்குப் புடிச்சிருக்குதாம்மா?"

"நாயப் பாத்து ஓடாத ஆளு அவரு ஒருத்தர்தாங்க," என்றாள்.

எங்கள் அம்மா இலை போட்டார். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். லூசி அப்படியே படுத்துக் கண்ணை மூடியது. மாமா ரெண்டு தரம் ரசம் வாங்கினார்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் போட்டோக்காரர் சொந்தக்காரர்களை ஒரு இடத்தில் நிறுத்தப் பாடாய்ப் பட்டார். ஒருத்தர் வந்தால் ரெண்டு பேர் காணோம்.

மாமாவே கத்தினார்: "டேய், அந்த நாய அவுத்து உடுங்கடா!"

நாய் எங்கள் ஊரில், வீட்டில்தான் இருந்தது. ஆனாலும் எல்லாரும் ஓடி வந்து நின்றார்கள். அந்தப் போட்டோவில் ஒருத்தர்கூட கேமராவைப் பார்க்கவில்லை. எல்லாரும் வாசல் பக்கம் பார்க்கிறார்கள். நானும்தான்.